ரத்தம் தெறிக்காத கொலைக் கதைகள்: கோசி மிஸ்டரி வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

மர்மக் கதை பிடிக்கும், ஆனால் விளக்கை அணைத்த பிறகு அந்தப் பிணம் கண்ணுக்குள் வந்து நிற்பது பிடிக்காது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் இருந்தேன். கடத்தல், இருட்டறை, சித்திரவதை என்று நாலைந்து த்ரில்லர்களை வரிசையாகப் படித்துவிட்டு, இனி கொலைக் கதை பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று ஒதுங்கியிருந்தேன். அப்போது ஒரு தோழி என் கையில் திணித்த புத்தகம்தான் என்னைக் கோசி மிஸ்டரி பக்கம் கொண்டுவந்தது. ஆறு வருடமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். விமர்சனம் எழுதும் தகுதியெல்லாம் எனக்கு இல்லை. தூங்கப் போகும்முன் முப்பது பக்கம் வாசிக்கிற சாதாரண வாசகி நான். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கதைகளில் கொலையைப் பார்த்துப் புத்தகம் எடுக்காதீர்கள், ஊரைப் பார்த்து எடுங்கள். கொலை முடிச்சு ஒரு புத்தகத்தோடு அவிழ்ந்துவிடும். ஊர் பிடித்துப்போனால் அங்கேயே பத்துப் புத்தகம் வரை தங்கலாம்.

முதல் படி: என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கோசி என்றால் இதமான, கதகதப்பான என்று பொருள். மழை பெய்யும்போது போர்வைக்குள் சுருண்டு படுக்கிற சுகம். அந்தச் சுகத்தையும் கொலையையும் ஒரே புத்தகத்தில் எப்படி வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு, இந்தக் கதைகள் வாசகருக்குக் கொடுக்கும் சில வாக்குகள்தான் பதில். ஒருவர் செத்துப்போவார், ஆனால் சாவு பெரும்பாலும் நம் கண்முன்னே நடக்காது. சடலம் கிடைக்கும், வர்ணனை இரண்டு வரியில் முடிந்துவிடும். துப்பறிபவர் பெரும்பாலும் போலீஸாக இருக்க மாட்டார். பேக்கரி நடத்துபவர், நூலகர், ஓய்வுபெற்ற நர்ஸ் என்று யாராவது இருப்பார். இடம் சின்னது, அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கடைசியில் யார் செய்தது, ஏன் செய்தார் என்று தெரிந்தே தீரும்.

அமெரிக்காவில் மாலிஸ் டொமெஸ்டிக் என்று ஒரு வாசகர் மாநாடு 1989 முதல் நடக்கிறது. அங்கே கொடுக்கப்படும் அகதா விருதுகளுக்கு, அப்பட்டமான பாலியல் காட்சியோ அளவுமீறிய ரத்தமோ தேவையற்ற வன்முறையோ இல்லாத கதைகளைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஜெயித்தவருக்குத் தருவது ஒரு தேநீர்க் கெண்டி! இந்த வகையின் மனநிலை முழுவதும் அந்தக் கெண்டிக்குள் இருக்கிறது.

இதற்கெல்லாம் மூலம் ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிள் என்ற பாத்திரம். 1927 டிசம்பரில் ஒரு சிறுகதையில் முதலில் வந்தார், 1930-இல் அவருக்கான முதல் நாவல் வந்தது. மொத்தம் 12 நாவல்கள், 20 சிறுகதைகள். செயின்ட் மேரி மீட் என்கிற கற்பனைக் கிராமத்தில் பின்னல் வேலை செய்துகொண்டிருக்கும் கல்யாணமாகாத பாட்டி. ரேகை, பூதக்கண்ணாடி எதுவும் அவர் கையில் இருக்காது. புதிதாக ஒருவரைப் பார்த்தால், தன் கிராமத்தில் அதே மாதிரி யார் இருந்தார், அவர் என்ன செய்தார் என்று யோசிப்பார். ஓர் ஊரை ஆயுள் முழுக்க உற்றுப்பார்த்தவருக்கு மனித மனம் பிடிபட்டுவிடுகிறது. நூறு வருடம் ஆகப்போகிறது, இன்றைக்கும் பெரும்பாலான கோசிகளின் துப்பறியும் முறை இதுதான்.

இதில் புதியவர்களுக்கு ஓர் உறுத்தல் வரும். இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை கொலையா? 'மர்டர், ஷி ரோட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1984 முதல் 1996 வரை 264 பகுதிகள் ஓடியது. அதில் கேபட் கோவ் என்ற குட்டி ஊரில் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்ததால், இந்த உறுத்தலுக்கே 'கேபட் கோவ் நோய்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர் தன்னை ராஜா என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறோம் இல்லையா, அப்படி இதையும் ஏற்றுக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். இரண்டாவது புத்தகத்தில் உறுத்தல் போய்விடும்.

இரண்டாம் படி: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

ஆன்லைனில் தேடுவதாக இருந்தால் ஒரு சின்ன விஷயம். 'கோசி' என்பதை அமெரிக்கர்கள் ஸெட் போட்டு எழுதுவார்கள், பிரிட்டிஷ்காரர்கள் எஸ் போட்டு எழுதுவார்கள். இரண்டையும் போட்டுத் தேடினால்தான் முழுப் பட்டியலும் வரும். அட்டையை வைத்தும் ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்: புகைப்படத்துக்குப் பதில் வரைந்த படம், ஒரு பூனை அல்லது கடை வாசல், தலைப்பில் ஒரு சொல் விளையாட்டு.

ஆனால் அட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மின்னூல் கடைகளில் மாதிரிப் பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கும். நூலகத்திலோ கடையிலோ நின்றபடியே பத்துப் பக்கம் வாசிக்கலாம். வாசித்துவிட்டு மூடுங்கள். அந்தத் தெருவில் என்ன இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? அங்கே இருக்கிற யாரோடாவது உட்கார்ந்து அரை மணி நேரம் பேசலாம் என்று தோன்றுகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். கொலை இன்னும் நடக்கவே இல்லை என்றாலும் பரவாயில்லை. பத்துப் பக்கத்துக்குள் சடலம் விழுந்தும் ஊர் மனதில் நிற்கவில்லை என்றால் வைத்துவிடுங்கள்.

முதல் புத்தகமாக எதை எடுக்கலாம் என்று கேட்டால், ஆளைப் பார்த்து மூன்றில் ஒன்றைச் சொல்வேன்.

புதிரை உடைப்பதில் ஆசை உள்ளவருக்கு, கிறிஸ்டி 1950-இல் எழுதிய 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்'. ஊர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வருகிறது: இன்ன வீட்டில், இன்ன வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை மணிக்கு ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் வந்து கலந்துகொள்ளவும். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்கு வருகிறார்கள். முதல் அத்தியாயம் முழுவதும் வீடு வீடாகப் போய், அந்த விளம்பரத்தை யார் எப்படி வாசிக்கிறார்கள் என்று காட்டுகிறது. ஊரை அறிமுகப்படுத்த இதைவிட அழகான வழியை நான் இதுவரை பார்க்கவில்லை.

சிரித்துக்கொண்டே வாசிக்க வேண்டும், நடுவில் தொண்டையும் அடைக்க வேண்டும் என்பவருக்கு, ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்'. 2020-இல் வந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், கூப்பர்ஸ் சேஸ் என்ற முதியோர் குடியிருப்பில் நாலு பேர் வியாழக்கிழமைதோறும் கூடிப் பழைய, தீர்க்கப்படாத கொலை வழக்குகளை அலசுகிறார்கள். ஒருவர் முன்னாள் உளவாளி, ஒருவர் நர்ஸ், ஒருவர் மனநல மருத்துவர், ஒருவர் தொழிற்சங்கத் தலைவர். நர்ஸாக இருந்த ஜாய்ஸின் டைரிப் பக்கங்கள் நடுநடுவே வரும். கொலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, மகள் போன் செய்தாளா இல்லையா என்பதில் போய் நிற்பாள். எனக்கு அந்தப் பக்கங்கள்தான் புத்தகத்தின் உயிர். அத்தியாயங்கள் சின்னச் சின்னவை, மொழி எளிமை. ஆங்கிலத்தில் நாவல் வாசித்துப் பழக்கமில்லாதவருக்கும் தைரியமாகக் கொடுக்கலாம்.

கொலையே வேண்டாம், சின்னச் சின்ன மர்மம் போதும் என்பவருக்கு, அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் 1998-இல் தொடங்கிய 'தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி'. அப்பா விட்டுப்போன மாடுகளை விற்று போட்ஸ்வானாவில் ஒரு துப்பறியும் நிறுவனம் தொடங்குகிறார் பிரஷஸ் ரமோட்ஸ்வே. காணாமல்போன கணவன், சந்தேகத்துக்குரிய அப்பா என்று வரும் வழக்குகளை நிதானமாக, ஒரு குவளைத் தேநீரோடு யோசித்து முடிக்கிறார். விறுவிறுப்பை எதிர்பார்த்து இதை எடுத்தால் ஏமாற்றம்தான். சாயங்கால வேளை திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்பது போல் வாசிக்க வேண்டியது.

இன்னொரு எச்சரிக்கை. கிறிஸ்டியின் 1926 நாவல் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்டு' உங்களுக்கு இன்னும் தெரியாது என்றால், யாராவது முடிவைப் போட்டு உடைக்கும்முன் சீக்கிரம் வாசித்துவிடுங்கள். அதைப் பற்றி எங்கேயும் தேடாதீர்கள், விக்கிப்பீடியாவைக்கூடத் திறக்காதீர்கள். அதில் டாக்டரின் அக்கா கரோலின் என்று ஒரு பாத்திரம் வீட்டை விட்டு நகராமலேயே ஊர்ச் செய்தி அத்தனையும் தெரிந்து வைத்திருப்பாள். அவளிலிருந்துதான் மிஸ் மார்ப்பிள் முளைத்திருக்கலாம் என்று கிறிஸ்டியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

மூன்றாம் படி: தொடரை எந்த வரிசையில் வாசிப்பது

கோசிகள் பெரும்பாலும் தொடராகவே வரும். எல்லாவற்றையும் வரிசையாக வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மிஸ் மார்ப்பிள் கதைகளை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம். லிலியன் ஜாக்சன் பிரவுன் எழுதிய பூனைத் தொடரும் அப்படித்தான். 

ஆஸ்மன் தொடரை மட்டும் முன்பின்னாக வாசிக்கவே கூடாது. அங்கே கொலைகள் ஒவ்வொரு புத்தகத்திலும் முடிந்துவிடும், மனிதர்களின் கதை முடியாது. ஒருவரின் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வரும், இன்னொருவர் பயத்திலிருந்து மெதுவாக மீண்டு வருவார். 2023-இல் வந்த நான்காவது புத்தகம் 'தி லாஸ்ட் டெவில் டு டை'. அதில் ஓர் இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். முதல் மூன்றையும் வாசிக்காமல் அங்கே வந்திருந்தால் அது வெறும் ஓர் அத்தியாயமாகக் கடந்துபோயிருக்கும். 2024-இல் அவர் எழுதிய 'வீ சால்வ் மர்டர்ஸ்' வேறு ஆட்கள், வேறு தொடர். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எது எந்த ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னட்டையைப் பாருங்கள். புதிய கொலையைப் பற்றி மட்டும் பேசினால் எங்கிருந்தும் தொடங்கலாம். நாயகியின் கல்யாணம், பிரிவு, புது வீடு என்று பேச ஆரம்பித்தால் ஒன்றாம் எண்ணுக்குப் போங்கள்.

நான்காம் படி: சீட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் பெயர்கள். ஐம்பது பக்கத்துக்குள் பதினைந்து பேர் வந்துவிடுவார்கள். பாதிரியார், அவர் மனைவி, தபால் நிலையத்தில் இருப்பவர், கர்னல், கர்னலின் மருமகன். வேலை முடிந்து வந்து அரைத் தூக்கத்தில் வாசிக்கும்போது யார் யாருடைய மருமகன் என்று நினைவில் நிற்காது.

இதற்கு நான் செய்வது இது. ஒரு தபால் அட்டையை நீளவாக்கில் பாதியாக வெட்டி எடுத்துக்கொள்வேன். அதுவே பக்கம் குறிக்கும் சீட்டாகவும் இருக்கும். முன்பக்கம் ஒரு பெயருக்கு ஒரு வரி: பெயர், செத்தவருக்கு என்ன உறவு, மறக்க முடியாத ஓர் அடையாளம். 'கர்னல் – பக்கத்து வீடு – காது மந்தம்.' 'நீனா – செத்தவரின் தம்பி மகள் – எப்போதும் கடன்.' பென்சிலில்தான் எழுதுவேன், ஏனென்றால் பாதிக் கதையில் தம்பி மகள் தம்பி மகளாக இருக்க மாட்டாள். பின்பக்கம் காலியாக இருக்கும். அதில் இரண்டே விஷயம் எழுதுவேன்: இடித்த இடம், பொய் சொன்னவர். 'பக்கம் 64, மழை பெய்ததாகச் சொன்னாள், குடை காய்ந்திருக்கிறது.' அவ்வளவுதான். இதற்கு மேல் எழுதினால் வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

மின்னூலில் வாசிப்பவர்களுக்குப் பெயரை அழுத்தித் தேடும் வசதி உண்டு. அவசரத்துக்கு உதவும்தான். ஆனால் தேடும்போது பின்னால் வரப்போகும் பக்கங்களின் வரிகளும் கண்ணில் பட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. நான் காகிதச் சீட்டையே விரும்புகிறேன்.

ஐந்தாம் படி: துப்புகள் எங்கே ஒளிந்திருக்கின்றன

இதுதான் இந்த வகையின் பெரிய இன்பம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1929-இல் ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் மர்மக் கதை எழுதுபவர்தான், துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைத்த துப்பை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும், துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது, ஒன்றுக்கு மேல் ரகசிய வழி கூடாது என்கிற மாதிரி. அடுத்த வருடமே லண்டனில் டிடெக்ஷன் கிளப் என்ற மர்மக் கதை எழுத்தாளர்களின் சங்கம் தொடங்கியது. எழுத்தாளர் செஸ்டர்டன் முதல் தலைவர், கிறிஸ்டியும் உறுப்பினர். வாசகரை ஏமாற்றலாம், ஆனால் நேர்மையாக ஏமாற்ற வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். ஆக, நல்ல கோசியில் விடை நம் கண்முன்னேயே கிடக்கிறது. பார்க்கத் தெரிய வேண்டும்.

எங்கே பார்ப்பது? நான் கற்றுக்கொண்ட முதல் இடம், பட்டியல். ஓர் உதாரணத்தை நானே கட்டிச் சொல்கிறேன். கிழவர் ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி அவரிடம் மட்டுமே. கதவை உடைத்து உள்ளே போகிறார்கள். 'நாற்காலிகளில் தூசி படிந்திருந்தது. ஜாடியில் பூக்கள் கருகிக் கிடந்தன. மாடத்தில் அந்த எட்டு நாள் கடிகாரம் தன்பாட்டுக்கு டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. மூடிய ஜன்னல்களில் சிலந்தி வலை.' இதை வாசிக்கும்போது பாழடைந்த வீட்டின் அமைதி என்று நினைத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். ஆனால் எட்டு நாள் கடிகாரத்துக்கு எட்டு நாளைக்கு ஒரு முறை சாவி கொடுக்க வேண்டும். மூன்று வாரம் பூட்டிக் கிடந்த வீட்டில் அது ஓடுகிறது என்றால், போன வாரம் யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார். தூசிக்கும் சிலந்தி வலைக்கும் நடுவில் அந்த வரியை வைத்ததில்தான் எழுத்தாளரின் கைத்திறன். நாலு பொருள் வரிசையாக வந்தால், நடுவில் இருப்பதை இன்னொரு முறை பாருங்கள்.

இரண்டாவது இடம், ஒரு களேபரத்துக்கு முந்தைய வரி. யாரோ ஏதோ சொல்ல வாயெடுப்பார், உடனே கண்ணாடி உடையும், நாய் குரைக்கும், போன் அடிக்கும். சத்தம் அடங்கியதும் அந்தப் பேச்சை எல்லோரும் மறந்திருப்பார்கள். நீங்கள் மறக்காதீர்கள்.

அப்புறம், யாரும் பொருட்படுத்தாத ஆளின் பேச்சு. வேலைக்காரர், குழந்தை, எப்போதும் வளவளவென்று பேசிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு அத்தை. மற்றவர்கள் காது கொடுக்காத இடத்தில்தான் உண்மையைப் போட்டு வைப்பார்கள்.

இன்னொரு விஷயத்தையும் கவனித்திருக்கிறேன். கோசிகளில் விஷம் அதிகம். சத்தமில்லாத ஆயுதம், ரத்தம் இல்லை, வீட்டுக்குள் இருக்கும் யார் வேண்டுமானாலும் வைக்கலாம், வைத்தவர் சாவு நேரத்தில் எங்கேயோ இருக்கலாம். முதல் உலகப்போர் காலத்தில் கிறிஸ்டி ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தவர். மருந்தின் அளவு விஷமாகும் எல்லை அவருக்கு அத்துப்படி. விஷக் கொலை என்று தெரிந்தால், எப்போது குடித்தார் என்பதைவிட, எப்போது வைத்திருக்க முடியும் என்பதைச் சீட்டில் எழுதுங்கள்.

முக்கால் புத்தகம் முடிந்ததும் நிறுத்துங்கள். ஓர் இரவு தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது. சீட்டின் அடியில் ஒரே ஒரு பெயரை எழுதி, ஏன் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு அப்புறம் தொடருங்கள். நான் பத்தில் மூன்று முறை சரியாகச் சொல்லியிருந்தால் அதிகம். தப்பாகச் சொன்ன ஏழு முறையும், பின்னால் திரும்பிப் போய் எந்த வரியில் கோட்டை விட்டேன் என்று தேடும் அந்தப் பத்து நிமிடம் எனக்கு முடிவைவிடப் பிடிக்கும்.

ஆறாம் படி: எப்போது கைவிடலாம்

நூறு பக்கம் தாண்டியும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். அதில் எந்தத் தப்பும் இல்லை. வாசிப்பு கடனடைக்கும் வேலை கிடையாது.

சில அறிகுறிகள் தெரிந்தால் நான் அதற்கு முன்பே மூடிவிடுவேன். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் நாயகி யாரிடமும் சொல்லாமல் தனியாக அவன் வீட்டுக்குப் போவது. போலீஸ்காரர்களை முட்டாள்களாகக் காட்டினால்தான் நாயகி புத்திசாலியாகத் தெரிவாள் என்ற நிலை. பத்துப் பக்கம் கேக் செய்வதைப் பற்றி, அரைப் பக்கம் செத்தவரைப் பற்றி.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய குறை. இதமான கதை என்பதற்காக ஒரு மனிதரின் சாவை யாரும் வருத்தப்படாத விஷயமாக ஆக்கிவிடக் கூடாது. நல்ல கோசியில் செத்தவருக்கு ஓர் அலமாரி இருக்கும், பாதியில் நின்ற ஒரு வேலை இருக்கும், அவருக்காக அழும் ஒருவராவது இருப்பார். ஜெஸ்ஸி சுட்டாண்டோ 2023-இல் எழுதிய வேரா வாங் கதையை இதற்காகவே எனக்குப் பிடிக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவில் தேநீர்க் கடை வைத்திருக்கும் வேரா, ஒரு காலையில் தன் கடைக்குள் ஒருவர் செத்துக் கிடப்பதைப் பார்க்கிறாள். போலீஸ் வருவதற்குள் மார்க்கர் பேனாவால் சடலத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிடுகிறாள், செத்தவர் கையில் இருந்த பென் டிரைவையும் எடுத்து வைத்துக்கொள்கிறாள். அட்டகாசம்தான். ஆனால் போகப்போக அந்தச் சாவு யாரையெல்லாம் எப்படித் தொட்டது என்பதைக் கதை விடாமல் கேட்கிறது. சந்தேகத்துக்குரியவர்களையே வீட்டுக்குக் கூப்பிட்டுச் சமைத்துப்போடும் அந்த அம்மாவை மறக்கவே முடியாது.

ஏழாம் படி: பக்கத்துத் தெருக்கள்

நாலைந்து கோசி வாசித்ததும் ஒரு சலிப்பு வரும். அது வகையின் குறை அல்ல, ஒரே ருசியைத் தொடர்ந்து சாப்பிட்ட சலிப்பு. அப்போது கொஞ்சம் வெளியே போய் வாருங்கள்.

புதிர்தான் பிடித்திருந்தது என்றால் ஜானிஸ் ஹாலட்டின் 'தி அப்பீல்', 2021. கதைசொல்லியே கிடையாது. ஓர் ஊர் நாடகக் குழுவினர் ஒருவருக்கொருவர் அனுப்பிய மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளும் மட்டும். சட்டம் படிக்கும் இருவருக்கு அந்தக் கட்டை வாசிக்கக் கொடுக்கிறார்கள், அதையேதான் நாமும் வாசிக்கிறோம். யாருக்கு யார் பதில் போடவில்லை என்பதுகூட இதில் துப்பு. முதல் நாற்பது பக்கம் தலை சுற்றும், சீட்டு கட்டாயம் வேண்டும். புதியவர்கள் இதை முதல் புத்தகமாக எடுக்க வேண்டாம்.

ஆண்டனி ஹொரோவிட்ஸின் 'மேக்பை மர்டர்ஸ்', 2016, கதைக்குள் கதை. ஒரு பதிப்பாசிரியர் புது மர்ம நாவலின் கையெழுத்துப் பிரதியை வாசிக்கிறார். கடைசி அத்தியாயம் காணவில்லை. நீளமான புத்தகம். விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரும் மனிதரும்தான் பிடித்தது, கொலை இல்லாவிட்டாலும் சரி என்றால், தோஷிகாசு கவகுச்சியின் 'பிஃபோர் தி காபி கெட்ஸ் கோல்டு'. ஜப்பானிய மொழியில் 2015, ஆங்கிலத்தில் 2019. டோக்கியோவில் ஒரு சின்ன காபிக் கடை; அங்கே ஒரு குறிப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் கடந்த காலத்துக்குப் போகலாம். ஆனால் கோப்பை ஆறும்முன் திரும்பிவிட வேண்டும், போய் என்ன செய்தாலும் நிகழ்காலம் மாறாது. மாறாது என்று தெரிந்தும் ஏன் போகிறார்கள் என்பதுதான் கதை. நாலு கதைகள், ஒவ்வொன்றிலும் விதிகளைத் திரும்பச் சொல்வார்கள். ஒரே மூச்சில் வாசித்தால் அலுக்கும். இரவுக்கு ஒன்று என்று வாசித்தால் மனதில் தங்கும்.

டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்', 2022, இன்னும் ஒரு தெரு தள்ளி. போரடித்துப்போன ஓர் அரக்கி வாளை மாட்டி வைத்துவிட்டுக் காபிக் கடை திறக்கிறாள். உலகம் அழியப்போகிறது என்ற பதற்றம் எதுவும் இல்லை. கடையைத் திறப்பதும், அதற்கு ஆட்கள் சேர்வதும்தான் பெரிய சம்பவம். மாயாஜாலக் கதை எனக்கு ஒத்துவராது என்று நினைத்திருந்தேன். ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன்.

எட்டாம் படி: முடித்த பிறகு

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். புத்தகத்துக்கு மூன்று வரி போதும்: ஊர் எப்படி இருந்தது, யாரை நம்பி ஏமாந்தேன், இந்தத் தொடரில் அடுத்தது வேண்டுமா. முடிவை மட்டும் எழுதாதீர்கள். அது மறந்தே போகும். மறந்தால் மூன்று வருடம் கழித்து அதே புத்தகத்தைப் புதிதாக வாசிக்கலாம். அடுத்து என்ன வாசிப்பது என்று முழிக்கும்போது இந்த நோட்டு எந்த நட்சத்திர மதிப்பெண்ணைவிடவும் உதவும். நான் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான், எனக்கு வயதானவர்கள் துப்பறிவது பிடிக்கிறது, காதல் கிளைக்கதை ஓடும் கோசிகள் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையே கண்டுபிடித்தேன்.

பிடித்துப்போன புத்தகத்தை வேறு யாருக்காவது கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுக்கும்முன் அந்தப் பென்சில் சீட்டை மறக்காமல் எடுத்துவிடுங்கள். நான் அதை எடுத்து நோட்டில் ஒட்டிக்கொள்வேன். இன்னொரு தபால் அட்டையை நீளவாக்கில் வெட்டி, எதுவும் எழுதாமல், முதல் அத்தியாயத்தில் வைத்துக் கொடுப்பேன்.